டெலிபோன் அக்காவும் தம்பி விட்டுப்போன வண்டியும்

டெலிபோன் அக்கா எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட்ட அன்று அம்மா குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அக்கா இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். கை கழுவினார். "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த தன் வீட்டுக்குப் போனார். பிறகு சாப்பிட உட்கார்ந்த அம்மா ஒரு வாய் வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, உப்பே இல்லடி! அந்தப் பொண்ணு எப்படித்தான் தின்னுச்சு? 'கொஞ்சம் உப்பு குடுங்க'ன்னு கேட்டா கொறைஞ்சா போயிடும்?"

கேட்கமாட்டார். எங்கள் தெருவில் அக்காவைப் பற்றி யார் பேசினாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மளிகைக் கடைக்குப் போனால் ஓரமாக நிற்பார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் கடைசியில் தலை நிமிர்ந்து, "டெலிபோன் வந்து நிக்குதுப்பா. யாராச்சும் என்ன நம்பர் வேணும்னு கேளுங்க" என்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். அப்போதும் அவர்களாகக் கேட்டால்தான் சொல்வார்.

இத்தனைக்கும் அவருடைய வேலையே கேட்பதுதான். திருச்சி ஜங்ஷன் பக்கம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "என்ன நம்பர் வேணுங்க?" என்று நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களைக் கேட்டு, மதுரைக்கும் மதராசுக்கும் இணைப்புக் கொடுப்பார். கேட்கவேண்டியதை எல்லாம் அங்கேயே கேட்டு முடித்துவிடுகிறார், வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இல்லை என்பது அம்மாவின் கணக்கு.

ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்தவர் எங்கள் தெருவுக்குப் பக்கத்து நிறுத்தமான சத்திரத்தில் இறங்கவில்லை. பஸ்ஸில் வழியை மறித்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் பலாப்பழத்தோடு நின்றிருந்தாராம். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவரிடம் கேட்கவேண்டும். அதற்குப் பதில் அக்கா காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரைக்கும் போய், மொட்டைக் கோபுரத்தடியில் பலாப்பழம் இறங்கிய பிறகு தானும் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தார்.

"அவ்வளவு தூரம் போனவ அப்படியே ரெங்கநாதரையும் பாத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்று அம்மா கிண்டல் செய்தாள்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்கல்ல? உள்ள விடுவாங்களான்னு யாரையாச்சும் கேக்கணுமேங்க" என்றார் அக்கா. அம்மா சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுக் கோழி கூடையைவிட்டு எழுந்து ஓடியது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட சிந்தாமணியில் எங்கள் தெரு. அம்மா சத்திரத்தில் வாழையிலை வியாபாரம். அப்பா லாரி ஷெட்டில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் காலத்திலும் கூச்சம் இருந்ததில்லை. பழைய புத்தகம் கேட்டேன், பள்ளிக்கூடச் சம்பளத்தில் சலுகை கேட்டேன், கிழியாத சட்டை கேட்டேன். கேட்டதனால் படித்தேன். கேட்க வெட்கப்பட்டிருந்தால் நானும் இலைக்கட்டோடு சத்திரத்தில் உட்கார்ந்திருப்பேன். அதனால் அக்காவின் வாய் திறக்காத குணம் எனக்கு வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருக்கும். கேட்டால் கிடைக்கும் என்கிற இடத்தில் இருந்துகொண்டு கேட்காமல் இருப்பவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான். அக்கா வீட்டு வராந்தாவில் மின்விளக்கு உண்டு. "உங்க வெளிச்சத்துல படிச்சுக்கட்டுமாக்கா?" என்று நான்தான் போய்க் கேட்டேன். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் போகும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அக்கா வேலைக்குப் போயிருந்தாலும் எரியும். போட்டுவிட்டுப் போயிருப்பார். தான் கேட்காதவர், மற்றவர்களையும் கேட்கும் நிலைக்கு விடமாட்டார்.

அந்த வராந்தாவில்தான் வண்டி நின்றது.

வண்டி அக்காவின் தம்பியுடையது. பெற்றோர் போன பிறகு அக்காவுக்கு இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். அடர்சிவப்பு மோட்டார் சைக்கிள், பெட்ரோல் டாங்கியின் இரண்டு பக்கமும் முகம் பார்க்கலாம்போல நிக்கல் பூச்சு, பின்னால் இரட்டைப் புகைக்குழாய். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் வண்டி. ஆகையால் போகிற இடமெல்லாம் நீலப் புகை. தம்பி குவைத்துக்குப் போன அன்று, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வண்டியைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்:

"சும்மா போட்டா எஞ்சின் இறுகிடும்க்கா. தெனமும் ஒரு உதை உதைச்சு விடு. கொஞ்ச நேரம் ஓடட்டும். அது போதும்."

ஒரு வாரம் உதைப்பார், அப்புறம் சாக்கைப் போட்டு மூடிவிடுவார் என்று தெருவே நினைத்தது. அக்கா வருடக்கணக்கில் உதைத்தார்.

அதை நேரில் பார்க்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக்கொள்வார். இடது காலில் மட்டும் தம்பியின் பழைய ஷூவை மாட்டிக்கொள்வார், வலது கால் வெறும் கால். இதற்காகவே அந்த ஒற்றை ஷூ வாசற்படி ஓரம் கிடக்கும். புதிதாக வருபவர்கள் இன்னொரு ஷூவைத் தேடுவார்கள். ஆரம்பத்தில் உதைகோல் திருப்பி அடித்து அவருடைய கணுக்கால் வீங்கியது. நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். தெருவில் எத்தனையோ ஆண்கள் இருந்தார்கள். கொஞ்சம் உதைத்துக் கொடுங்கள் என்று யாரையாவது கேட்டாரா? இல்லை. கால்தான் கற்றுக்கொண்டது.

வண்டி கிளம்பியதும் தெரு நீலமாகிவிடும். முதலில் சண்டை வந்தது. காயப்போட்ட துணியெல்லாம் எண்ணெய் நாற்றம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். அக்கா அடுத்த நாளிலிருந்து துணி எடுத்த பிறகே உதைத்தார். அப்புறம் அந்தப் புகைக்குக் கொசு ஓடுவதைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். ஆற்றோரத் தெரு, கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்? "டெலிபோனு, இன்னைக்கு இன்னும் உதைக்கலையா?" என்று வாசலில் நின்று விசாரிக்கத் தொடங்கினார்கள். வேலை நேரம் மாறி அவர் தாமதமாக வரும் நாட்களில் புகைக்காகத் தெரு காத்திருந்தது.

அவர் அதை ஓட்டவில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் புடவை கட்டிய பெண் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்து பார்ப்பார்கள். அதற்காக மட்டுமல்ல, ஓட்டுவதில் அவருக்கு ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் டயர் ஒரே இடத்தில் அழுந்திப் போகக்கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வண்டியைப் பிடித்து நடத்திக்கொண்டு பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் வருவார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில்.

"என்ன டெலிபோனு, மாட்டைக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போறியா?" என்பாள் அம்மா.

"தண்ணி காட்டிட்டு வரேங்க" என்பார் அக்கா.

வண்டியின் உள்விஷயங்களை அவர் கற்றுக்கொண்ட விதமும் அவருக்கே உரியது. தெருமுனையில் ஒரு பாய் மெக்கானிக் கடை வைத்திருந்தார். அக்கா கடை ஓரத்தில் போய் நிற்பார். பாய் வேறு யாருடைய வண்டியையாவது பிரித்துப் போட்டிருப்பார்.

"என்னம்மா, எதாச்சும் வேலை இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க பாய். சும்மாதான்."

சும்மாவே பார்த்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது எப்படி, அதன் நுனியில் படியும் கரியை உப்புத்தாளால் தேய்ப்பது எப்படி, எல்லாம் பார்த்தே படித்தார். பாய்க்கும் பழகிவிட்டது. "அக்கா டூட்டிக்கு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியும்படி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். கேட்காதவருக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்தார்.

மழைக்காலத்தில் பிளக் நமுத்துப்போகும். அக்கா அதைச் சமையலறை ஸ்டவ்வில் இடுக்கியால் பிடித்து அப்பளம் போலத் திருப்பித் திருப்பிச் சுடுவார். பக்கத்து அடுப்பில் பால் காயும். அந்தப் பாலில் போட்ட காப்பியில் எனக்கு எப்போதும் லேசான பெட்ரோல் வாசனை தெரியும். மல்லிகைப்பூ, கோயில் மெழுகுவத்தி, எண்ணெய்ப் புகை மூன்றும் கலந்த ஒரு மணம்தான் அக்கா. இன்றைக்கும் எங்காவது ஒரு பழைய வண்டி நீலப் புகை விட்டுக்கொண்டு போனால், மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், நான் மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.

ஒருமுறை கேட்டேன். "ஏங்க்கா, ஓட்டப் போறதும் இல்லை. அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?"

புகைக்குழாய்க்குள் இருக்கும் தகட்டை உருவி, மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திக் கரியை எரித்துக்கொண்டிருந்தார். நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நாள் பூரா மத்தவங்களுக்கு லைன் போட்டுக் குடுக்கறேன். பேச்சு ஆரம்பிச்சதும் நான் வெளிய வந்துடணும். இது ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு கெடைக்கிற லைன். உதைச்சதும் 'ஆங், சொல்லு'ங்குது."

சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டார். "படிக்கிற வேலையப் பாரு" என்றார்.

வண்டி முதன்முதலாகப் பின்பக்கமாகச் சுற்றியது அப்படி ஒரு மழைநாளில்தான். காய்ச்சலோடு வேலைக்குப் போய் வந்திருந்தார். உதையில் வலு இல்லை. கால் பாதியிலேயே நின்றுவிட்டது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கிவிட்டு ஓடத் தொடங்கியது, ஆனால் சத்தத்தில் ஒரு கரகரப்பு. வண்டி ஸ்டாண்டில்தான் நின்றது. பின் சக்கரம் சுற்றட்டும் என்று அக்கா வழக்கம்போல் முதல் கியரைப் போட்டார்.

"ஏ பாப்பா, இங்க வாயேன்! இதைப் பாரு!" என்று படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நிறுத்திவிட்டு மறுபடி ஓங்கி உதைத்தார். ஒழுங்காக முன்பக்கம் சுற்றியது.

பாயிடம் இதை நான்தான் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "பேயும் இல்லை, பிசாசும் இல்லைம்மா. இந்த ஜாதி எஞ்சினுக்கு முன்னும் ஒண்ணுதான், பின்னும் ஒண்ணுதான். எந்தப் பக்கம் தள்ளி விட்டாலும் ஓடும். உதை பாதியில நின்னா உள்ள பிஸ்டன் திரும்பி வரும். அந்த நேரம் பாத்துப் பத்திக்கிச்சுன்னா ரிவர்ஸ்தான். அப்படி ஆனா உடனே நிறுத்திடணும்னு அக்காகிட்ட சொல்லு."

அக்கா உடனே நிறுத்தவில்லை. அந்தப் பாதி உதையையும் பழகிக்கொண்டார். எனக்குப் பரீட்சை முடியும் நாட்களில், "வேடிக்கை காட்டட்டுமா?" என்பார். ஷூவை மாட்டி, அரை உதை உதைத்து, சக்கரத்தைப் பின்னால் சுற்றவிடுவார். சிறுபிள்ளைபோல் இருவரும் சிரிப்போம். அவர் யாரிடமும் கேட்காமல் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே விளையாட்டு அது.

தம்பி இடையிடையே விடுமுறையில் வருவார். இருக்கும் நாட்களெல்லாம் வண்டி ஆற்றங்கரையும் ஸ்ரீரங்கமுமாகப் பறக்கும். அப்போதெல்லாம் அக்கா வண்டி இல்லாத வராந்தாவில் சும்மா நிற்பார். தம்பி போனதும் மறுபடி ஷூ, மறுபடி உதை. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு தம்பி ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மனைவி, ஒரு பெண் குழந்தை, பெரிய பெரிய பெட்டிகள். திருச்சியிலேயே ஒரு கடை போடப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர். தெருவில் எல்லா வீட்டுக்கும் சோப்புக் கொடுத்தார்.

வந்த சில நாட்களில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அக்கா, வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். இப்ப ஜப்பான் எஞ்சின் வச்சுச் சின்னதா வண்டி வருது. சத்தமே இல்லை. இதுக்கு சாமானும் கெடைக்க மாட்டேங்குது, பொகை வேற. ஸ்ரீரங்கத்துல ஒருத்தர் கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை பாக்க வராரு."

"சரி" என்றார் அக்கா. தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

நான் அங்கேதான் இருந்தேன். அவர் கரண்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை வராந்தாவில் அவர் டாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் சொன்னேன்:

"கேளுங்கக்கா. விக்க வேணாம், எனக்கு வேணும்னு சொல்லுங்க. உங்க தம்பிதானே?"

"அவன் வண்டி. அவன் விக்கிறான்."

"உங்களுக்கு வேணுமா வேணாமா?"

துடைத்த இடத்தையே துடைத்தார். நிக்கலில் அவர் முகம் நீளமாகத் தெரிந்தது.

"சொல்லுங்கக்கா. இல்லாட்டி நான் போய்ச் சொல்றேன்."

சட்டென்று நிமிர்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அப்போதுதான். "சொன்னேன்னா அப்புறம் இந்த வாசப்படி ஏறக்கூடாது நீ."

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கும் கோபம் வரும். வண்டி இருக்கிறது, கேட்டால் கொடுக்கத் தம்பி இருக்கிறார், வாய்தான் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி தெருவில் நின்றது. அக்காவே இறக்கி நிறுத்தியிருந்தார். எப்போதும் நிறுத்தும் வேப்பமரத்தடியில் நிறுத்தாமல் எங்கள் வீட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தார். அதற்குப் பின்னால் அம்மாவின் வாழையிலைக் கட்டுகள் சாயங்கால வியாபாரத்துக்காக அடுக்கிக் கிடந்தன.

ஸ்ரீரங்கத்துக்காரர் இளைஞர், ஏதோ ஆபீசில் வேலை. புதிதாகக் கல்யாணம் ஆனவர் என்பது மோதிரத்தில் தெரிந்தது. கூடவே அவருடைய சித்தப்பா, நெற்றியில் பளிச்சென்று திருமண். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"வண்டி புதுசாட்டம் இருக்கே. யார் மெயின்டெய்ன் பண்றா?" என்றார் இளைஞர்.

"எங்க அக்காதான்" என்றார் தம்பி பெருமையாக.

"அப்படியா! பேஷ். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கோளேன்."

தம்பி காலைத் தூக்கும் முன் அக்கா வாசலிலிருந்து இறங்கி வந்தார். காலில் ஒற்றை ஷூ. "நான் உதைக்கிறேன்" என்றார்.

"அக்கா உதைச்சாத்தான் அது கேக்கும் சார்" என்று தம்பி சிரித்தார்.

அக்கா உதைத்தார். கால் பாதியில் நின்றது. எஞ்சின் விக்கியது. ஓடியது. அந்தக் கரகரப்பு எங்கள் இருவரையும் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அக்கா என் பக்கம் பார்க்காமல் விலகி நின்றார்.

"உக்காருங்க சார், ஓட்டிப் பாருங்க" என்றார் தம்பி.

இளைஞர் ஏறி உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி பின்னால் போனது. முன்னால் பார்த்த முகத்தோடு, நேராக, கௌரவமாக, இலைக்கட்டுகளுக்குள் போய்ப் பொத்தென்று உட்கார்ந்து நின்றது. எங்கும் பச்சை.

"ரங்கா! ரங்கா!" என்று சித்தப்பா கத்தினார். "என்னடா பண்ணினே? ரிவர்ஸ் கியரைப் போட்டுட்டயா?"

"இதுல ரிவர்ஸே கிடையாது சித்தப்பா!"

சித்தப்பா வண்டியைப் பார்த்தார். இலையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். "இல்லாத கியர்ல ஒரு வண்டி போறதுன்னா, அது நமக்கு வேண்டாம்டா கொழந்தே. எழுந்திரு."

ஒரு கீறல் இல்லை. அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையாகக் குடித்துவிட்டு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை தம்பி கைகாட்டி வழியனுப்பினார். பிறகு வண்டியை இலைகளுக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். தானே ஓங்கி உதைத்தார். ஏறி ஓட்டினார். முன்னால் போனது. திரும்பி வந்து நிறுத்தினார்.

"அக்கா, பாதி உதைதானே உதைச்சே?"

அக்காவுக்குப் பொய் வராது. காலடியில் கிடந்த ஓர் இலைத்துண்டை எடுத்து மடித்தார்.

"ஒன்னத்தான் கேக்கறேன்."

"ஆமா."

"அந்த மனுஷன் கை கால் ஒடிஞ்சிருந்தா?"

"அதான் பின்னால எலை இருந்துச்சே."

"அடிப்பாவி!" என்று அம்மா பாய்ந்து வந்தாள். "அதுக்குத்தான் அங்க கொண்டாந்து நிறுத்துனியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

கேட்டிருக்கமாட்டார் என்பது கேட்ட பிறகுதான் அம்மாவுக்கே உறைத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் கிழிந்த இலைகளைப் பொறுக்க உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கிழிந்த இலையில்தான் சாப்பாடு.

தம்பி சிரிக்கவில்லை. அவர் முகம் விழுந்திருந்தது. "வேணும்னா சொல்ல வேண்டியதுதானேக்கா? 'எனக்குக் குடுடா'ன்னு கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? நான் என்ன அந்நியனா?"

"குடுத்திருப்பே. அதான் கேக்கலை."

"இது என்ன பேச்சு?"

அக்கா குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்டா நீ குடுத்ததா ஆயிடும்டா. இத்தனை வருஷம் இது என் காலுக்குத்தான் பதில் சொல்லிச்சு. எனக்கு ஏற்கெனவே இருக்கிறதை நான் எதுக்கு உங்கிட்ட கையேந்தி வாங்கணும்?"

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தனை காலமும் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். கூச்சமே இல்லை. எனக்கு என் திமிர் தெரியும், அதைத் தலையில் பூ மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அவர் தன்னுடையதை முந்தானைக்குள் முடிந்து வைத்திருந்தார். அன்றைக்குத்தான் முடிச்சு அவிழ்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து அவரை எனக்கு முன்னைவிட அதிகமாகப் பிடித்துப்போனது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. தம்பி விற்கவும் இல்லை, வைத்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. கடை பார்க்கப் போவதற்குச் சத்திரத்துக்கு நடந்தே போய் பஸ் பிடித்தார். அக்கா வழக்கம்போல் உதைத்தார், ஆனால் புகை தெருவை நிறைக்கும் முன்பே நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, யார் முதலில் பேசுவது என்று காத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எதிர்வீட்டிலிருந்த எங்களுக்கே மூச்சு முட்டியது. "யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறங்களேன்டா" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

வியாழக்கிழமை நான் அக்காவின் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா அரிவாள்மனையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. பிடரியைச் சொறிந்தார்.

"அக்கா."

"ம்."

"ஞாயித்துக்கிழமை முக்கொம்பு போயிட்டு வரலாம்னு இருக்கோம். பாப்பா அணைக்கட்டே பாத்ததில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டி வேணும். குடுப்பியா?"

அரிவாள்மனையில் வாழைக்காய் பாதியில் நின்றது. அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். நிதானமாக, ஒரு கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். தம்பியும் அப்படியே நின்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

"எத்தனை பேரு?"

"நாங்க மூணு பேருதான். பாப்பா முன்னால டாங்கி மேல உக்காந்துக்கும்."

"டாங்கி சுடும். துண்டு மடிச்சுப் போடணும்."

"போடறேன்."

"கரூர் ரோட்டுல கண்ணு மண்ணு தெரியாமப் போவியே."

"போக மாட்டேன்க்கா."

"போன லீவுலயும் இதைத்தான் சொன்னே."

"சத்தியமாப் போக மாட்டேன்."

அக்கா நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் தள்ளினார். அடுத்த வாழைக்காயை எடுத்தார். காம்பைக் கிள்ளினார். அவர் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து, வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பாக்கலாம்" என்றார். "சனிக்கிழமை கேளு."